நாலாவது டைகர்

ரப்பர்த் தோட்டத்தில் நாய் செத்தால் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்காது. லயத்துக்குப் பின்னால் வாழை நிற்கும். மண்வெட்டி யார் வீட்டிலாவது இருக்கும். வாழையடியில் குழி வெட்டிப் புதைத்துவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு வந்தால் காரியம் முடிந்தது. மறுநாள் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டும். நாய் புதைத்த வாழை பெரிய தாராகத் தள்ளும் என்று சொல்லிக்கொள்வார்கள். அந்தத் தாரை வெட்டிப் பழுக்கவைத்துத் தின்பதில் யாருக்கும் சங்கடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே 2022இல் ஈப்போவில், செல்லப் பிராணிகளைத் தகனம் செய்யும் ஓரிடத்தில், மேசைக்குப் பின்னால் இருந்த சீனப் பெண் பிளாஸ்டிக் உறை போட்ட பட்டியலை எங்கள் பக்கம் நகர்த்தி, "சாம்பலை எதில் போட்டுத் தரணும்?" என்று மலாயில் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான் அண்ணன் மகளைப் பார்த்தேன். அவளுக்குப் பதினான்கு வயது. எங்கள் நாய் டைகருக்கும் அதே வயதுதான். அவள்தான் பட்டியலை இழுத்துப் புரட்டத் தொடங்கினாள்.

என்னென்னவோ இருந்தன. மூடியில் பாதத்தடம் பொறித்த வெள்ளைப் பீங்கான் ஜாடி. முகப்பில் படம் செருகிக்கொள்ளும்படி சட்டம் வைத்த மரப்பெட்டி. நீலமும் ஊதாவுமாகச் சாயம் பூசிய உலோகக் குடுவை. ஒரு சிட்டிகை சாம்பலை அடைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் கண்ணாடிப் பதக்கம். பாதத்தைக் களிமண்ணில் அழுத்தி எடுத்த அச்சு. ஒரு கற்றை முடியைப் போட்டுவைக்க விரல் நீளத்தில் சீசா. கடைசிப் பக்கத்தில் பளிங்கு. ஈப்போப் பளிங்கு, உள்ளூர்ச் சரக்கு என்று அந்தப் பெண் அழுத்திச் சொன்னாள். சிம்பாங் பூலாய்ப் பக்கம் சுண்ணாம்பு மலைகளைக் குடைந்து எடுக்கிற கல். அதன் விலை, தோட்டத்தில் அப்பா வாங்கிய கடைசி மாதச் சம்பளத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

ஈப்போவின் புந்தோங்கில் எங்களுடையது வரிசை வீடு. முன்னால் கார் நிறுத்துமிடம், பின்னால் துணி காயப்போடும் இடம், இரண்டும் சிமெண்டு. ஒரு நாயைப் புதைக்கிற அளவுக்கு மண் அந்த வீட்டில் கிடையாது. அதனால்தான் எரிக்க வந்தோம். தனியாக எரிக்கலாம், மற்ற பிராணிகளோடு சேர்த்தும் எரிக்கலாம். தனியாக எரித்தால்தான் சாம்பல் கைக்கு வரும். கட்டணம் எடையைப் பொறுத்தது. டைகர் இருபது கிலோ இருந்தது.

சாம்பல் என்று நாம் சொல்வது உண்மையில் எலும்பு. உலை எண்ணூறு தொள்ளாயிரம் டிகிரிக்குச் சூடேறும்போது தோலும் தசையும் முடியும் காற்றோடு போய்விடுகின்றன. மிஞ்சுவது எலும்பின் கால்சியம் பாஸ்பேட். அதை அரைத்துப் பொடியாக்கித்தான் கையில் தருகிறார்கள். அரைப்பதற்கு முன்னால் தட்டில் வைத்து ஒருமுறை எங்களுக்குக் காட்டினார்கள். வெளுத்த துண்டுகள், அங்கங்கே லேசான சாம்பல் நிறம். பின்னங்கால் எலும்பு ஒன்று நடுவில் தடித்துக் கோணலாக இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மோட்டார் மோதி முறிந்து, கட்டுப் போட்டும் சரியாகச் சேராத கால். அப்பா விரலை நீட்டி, தொடாமல், அதை மட்டும் காட்டினார். "இவன்தான்" என்றார். வேறு நாயின் சாம்பலைக் கொடுத்துவிடுவார்களோ என்று காலையிலிருந்து அவருக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எவ்வளவு பெரிய குடுவை வேண்டும் என்பதற்கு இந்தத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. உடல் எடையில் ஒரு பவுண்டுக்கு ஒரு கன அங்குலம். இருபது கிலோ என்றால் 44 பவுண்டு. 44 கன அங்குலம் ஏறக்குறைய 720 மில்லிலிட்டர். நான் கைபேசியில் போட்டுச் சொன்னேன். அப்பா ஒரு கணம் யோசித்து, "ஒன்றரை மங்கு" என்றார். பால்மரத்தில் மங்கு வைத்து, மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றிச் சுமந்தே ஆயுளைக் கழித்தவருக்கு எல்லா அளவும் அதில்தான் வரும். அண்ணன் மகள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு எங்களில் முதலில் சிரித்தது அவள்தான்.

பிறகு அவர் பளிங்குப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "பங்களாவுல இந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சு" என்றார்.

சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் எங்கள் தோட்டம். துரை பங்களா ஒரு மேட்டின்மேல் இருந்தது. சிறுவயதில் அப்பா அங்கே புல் வெட்டும் வேலைக்குப் போயிருக்கிறார். பின்பக்கத்துப் புல்தரையின் ஓரத்தில், கொன்றை மரத்தடியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். அதில் ஆங்கிலத்தில் ஒரு பெயர், அடியில் இரண்டு வருஷங்கள். அப்பாவுக்கு அப்போது ஆங்கிலம் படிக்க வராது. துரையின் குழந்தை ஏதோ செத்துப்போயிருக்கிறது என்று நினைத்து, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றியிருக்கிறார். கிராணிதான் ஒருநாள் படித்துச் சொன்னாராம்: "டேய், அது நாய்டா."

வெள்ளைக்காரர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம் அது. லண்டன் ஹைட் பார்க்கின் ஓரத்தில், காவல்காரர் குடியிருந்த வீட்டுத் தோட்டத்தில், 1881இல் செர்ரி என்ற மால்டீஸ் நாயைப் புதைத்ததில் தொடங்கி, அடுத்த இருபது வருஷங்களில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கற்கள் முளைத்துவிட்டன. அதற்குப் பிறகு இடமில்லை என்று நிறுத்திவிட்டார்கள். நியூயார்க்குக்கு வெளியே ஹார்ட்ஸ்டேலில் 1896இல், பாரிசை ஒட்டிய அன்யேரில் 1899இல் என்று பிராணிகளுக்கான மயானங்கள் அடுத்தடுத்து வந்தன. அதே காலத்தில்தான் மலாயாவில் காட்டை அழித்துப் பால்மரம் நட எங்கள் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.

இதைச் சொன்னால் நமக்கு இந்தப் பழக்கமே கிடையாது என்று அர்த்தமாகிவிடாது. தமிழாசிரியை என்பதால் எனக்கு ஒரு கல் உடனே நினைவுக்கு வரும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல். ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போய் இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்காக நட்டது. வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு அதையும் சேர்த்துச் சொல்கிறது. நாயின் பெயரும் பொறித்திருக்கிறது: கோவிவன். யார் செத்தது, எந்த மாட்டுக்காகச் செத்தது என்று எழுதவே கல்லில் இடம் பத்தாத காலத்தில், ஒரு நாயின் பெயரை வெட்ட ஒருவன் உளியைச் சாணை பிடித்திருக்கிறான். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் கருந்தேவகத்தியை மறந்துவிடுவார்கள். கோவிவனை மறப்பதில்லை.

எங்கள் லயத்தில் கல் கிடையாது. பெயர் மட்டும் இருந்தது. ஒரு டைகர் போனால் அடுத்து வரும் குட்டியும் டைகர்தான். நாங்கள் மட்டுமல்ல, கோடி வீட்டில் எப்போதும் ஜிம்மி, தண்டல் வீட்டில் எப்போதும் மணி. பழைய மணி செத்து, புதிய மணி வந்து, அதன் நிறமும் வாலும் மாறியிருந்தாலும் லயத்துக்காரர்கள் அதே குரலில் அதைத் திட்டுவார்கள். பெயரைச் செலவில்லாமல் வைத்துக்கொள்ளலாம். தோட்டம் மாறிப் போனாலும் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம். எனக்கென்னவோ குடுவையைவிட இது நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றுகிறது.

முதல் டைகர் தாத்தாவினுடையது, அவசரகாலத்து நாய். 1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில், பின் சூன் என்ற இரண்டு தோட்டங்களில் மூன்று துரைமாரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது 1960 வரை நீண்டது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. ராத்திரியில் நாய் குரைத்தால் வேலிக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள் என்று பொருள். அது காட்டுக்காரனா பட்டாளத்துக்காரனா என்று தெரியாது. யாராக இருந்தாலும் காலையில் விசாரணைக்கு வந்து நிற்பது லயத்து ஆட்கள்தான். அதனால் குரைக்கிற நாயை யாரும் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. தாத்தாவின் டைகர் குரைக்கவே குரைக்காதாம். பேர்தான் புலி. அந்த ஒரு குணத்துக்காகத்தான் அதற்குச் சோறு கிடைத்தது என்று அப்பா சொல்வார்.

இரண்டாவது டைகர் பாட்டியோடு பால் எடுக்க மரம் வெட்டப் போனது. விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழையும் பெண்களுக்கு முன்னால் நாய் ஒன்று நடந்தால் அது பெரிய தைரியம். பாம்பு, காட்டுப்பன்றி, காட்டோரத் தோட்டமென்றால் யானை. மூன்றாவதை எனக்கு நன்றாகத் தெரியும். மங்கில் வாயை வைக்கும் கெட்ட பழக்கம் அதற்கு இருந்தது. பால் மீசையிலும் வாலிலும் காய்ந்து ஒட்டுப்பாலாக இறுகிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா அதைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டி எடுப்பார். வெட்டிய இழைகளை நான் சேர்த்து உருட்டிப் பந்து செய்வேன். நாய்முடி கலந்த ரப்பர் பந்து, நன்றாகவே எழும்பும்.

நாலாவது டைகர் 2008இல் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே பால்மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை வைத்துவிட்டார்கள். லயத்தில் மிச்சமிருந்த பத்துப் பதினைந்து குடும்பங்களும் அந்த வருஷம் கிளம்ப வேண்டியிருந்தது. தட்டுமுட்டுச் சாமானை லோரியில் ஏற்றிய அன்றைக்கு, மூன்றாவது டைகரின் வம்சத்தில் வந்த ஒரு செவலைக் குட்டியை அப்பா சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஏறினார். புந்தோங்குக்கு வந்த பிறகு அதற்கு மாநகர் மன்ற லைசென்ஸ், தடுப்பூசிக் கார்டு, கழுத்துப் பட்டை எல்லாம் ஆயின. எங்கள் டைகர்களில் அரசாங்கப் பதிவுள்ள முதல் டைகர் அது. தோட்டத்தில் பிறந்து எங்கள் வீட்டில் கடைசியாக உயிரோடு இருந்ததும் அதுதான் என்று எழுத வருகிறது. ஆனால் அப்பாவும் அம்மாவும் நானும் இருக்கிறோமே.

பளிங்குப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா அந்தப் பெண்ணிடம் கேட்டது எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. "மனுஷனுக்குக் கல் வைக்கணும்னா என்ன விலை?"

அவள் குழம்பி, நாங்கள் மனிதருக்குச் செய்வதில்லை என்றாள். பிறகு உள்ளே போய், கல்லறைக் கல் செதுக்கும் தன் உறவினர் ஒருவரிடம் கேட்டு, ஒரு சீட்டில் விலை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா அதை நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து காரில் ஏறும்போதுதான் சொன்னார்: "உங்க தாத்தாவுக்கு ஒரு கல்லு இல்ல. இவனுக்கு எப்படிம்மா பளிங்குல வாங்கறது?"

அன்றைக்குக் குடுவை எதுவும் வாங்கவில்லை. பொடியைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி, சிவப்புத் துணிப் பைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். பாதத்தடம் மட்டும் அண்ணன் மகள் தன் காசில் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரக் கடைசியில் பழைய தோட்டத்துக்குப் போனோம். செம்பனைக்கு நடுவே புதைகாடு ஒரு துண்டாக மிஞ்சியிருந்தது. லாலான் புல் இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. கங்காணி குடும்பத்துச் சிமெண்டுச் சமாதிகள் இரண்டு தெரிந்தன. மற்றதெல்லாம் மண்மேடு, அல்லது ஒருகாலத்தில் மண்மேடாக இருந்த இடம். தாத்தாவின் தலைமாட்டில் ஒரு மரக்கட்டையும் செம்பருத்தியும் வைத்ததாக அப்பா சொல்வார். கட்டையைக் கறையான் தின்றிருக்கும். செம்பருத்தி ஒன்று இருந்தது, ஆனால் அது வேறு யாருடையதாகவும் இருக்கலாம். "கங்காணி சமாதியிலேருந்து இடது பக்கம் மூணாவது" என்பது அவர் மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு. எந்தச் சமாதியிலிருந்து என்பதில்தான் இப்போது சந்தேகம் வந்துவிட்டது. போதாக்குறைக்கு நடுவில் ஒரு வாய்க்கால் வேறு வெட்டியிருந்தார்கள். அப்பா இரண்டு சமாதியிலிருந்தும் எண்ணிப் பார்த்தார். இடம் தெரியாமல் எங்கே கல் நடுவது? விலைச் சீட்டு இன்னும் பர்சில்தான் இருக்கிறது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற துண்டாடலைப் பற்றி, வேலை போனதைப் பற்றி, வீடு போனதைப் பற்றியெல்லாம் நம் ஆட்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். புதைகாடுகளைப் பற்றி இன்னும் போதிய அளவு எழுதவில்லை என்பது என் எண்ணம்.

வீட்டில் அம்மாவுடையது வேறு தகராறு. சிவப்புப் பையை அவர் வாசற்படி தாண்டவிடவில்லை.

"அஸ்திய வீட்டுக்குள்ள வைக்கக் கூடாது. கொண்டு போய்க் கரைங்க."

"பக்கத்து வீட்டு ஆன்ட்டி அவங்க அம்மா சாம்பல கோயில்ல மாடம் வாங்கி வெச்சிருக்காங்களே, பாட்டி" என்றாள் பேத்தி.

"அவங்க வழக்கம் அவங்களுக்கு. அதுவும் கோயில்லதானே? வீட்டுலயா?"

நான் என் படிப்பை எடுத்துவிட்டேன். ஆதிச்சநல்லூரில் தாழி தாழியாகத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். செத்தவர்களை மண்தாழிக்குள் வைத்துப் பானையும் சட்டியும் கூடவே போட்டுப் புதைத்தது நம் பாட்டன் பூட்டன்தான் என்றேன். அம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "அது ஊருக்கு உள்ளயா இருந்துச்சு, வெளியயா?" வெளியேதான். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மண் என்ற பேச்சு அவருக்குப் பிடித்துப்போனது. சுடலையில் எலும்பு பொறுக்கி எடுப்பதும் மண்கலயத்தில்தானே? பளிங்கு, பீங்கான், பித்தளை எல்லாம் பணக்கார வீட்டு அலங்காரம். மண்ணில் ஏதாவது கிடைத்தால், வாசலுக்கு வெளியே வைப்பதானால், அவருக்கு ஆட்சேபம் இல்லை.

எங்கள் பேராக் மாநிலத்தில் மண்பாண்டம் என்றால் சாயோங்தான். கோலகங்சாரில் பேராக் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஊர். சுரைக்காய் வடிவில் கருப்பாக ஒரு தண்ணீர்க் கூஜா செய்வார்கள்; லாபு சாயோங் என்று பெயர். தோட்டத்தில் எங்கள் அடுப்படியிலும் ஒன்று இருந்தது. மெருகுப் பூச்சு இல்லாத மண் என்பதால் தண்ணீர் நுண்துளைகள் வழியே கசிந்து ஆவியாகும். உள்ளே இருப்பது குளிர்ந்துவிடும். ஐஸ்பெட்டி வருவதற்கு முன்னால் வெயிலில் வேலை முடித்து வந்தவர்களுக்கு அதுதான் சுகம்.

போகும் வழியில் கோலகங்சார் ஊருக்குள் ஒரு பால்மரத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். 1877இல் ஹியூ லோ காலத்தில் நட்ட கன்றுகளில் மிஞ்சிய ஒன்று, நாட்டிலேயே மிகப் பழைய ரப்பர் மரங்களில் ஒன்று. கம்பி வேலி போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். அப்பா வேலியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "மரத்துக்கு வெச்சிருக்கானுங்க" என்றார். அதற்குமேல் அந்த மரத்தைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் லெங்கோங். என் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை அங்குள்ள அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். குகைக்குள் 1991இல் கிடைத்த எலும்புக்கூடு; கால்களை மடக்கிக் கருவில் கிடப்பது போலப் படுத்திருக்கிறது; ஏறக்குறையப் பதினோராயிரம் வருஷம். கல்லாயுதமும் ஆற்றுச் சிப்பியும் கூட வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அவனைச் சேர்ந்தவர்கள் அவனுக்காக எதையெல்லாமோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பெயர்தான் தங்கவில்லை. பேராக் மனிதன் என்பது நாம் வைத்தது.

சாயோங் பட்டறையில் ஒரு மலாய் அம்மா இருந்தார். இப்போது பெரும்பாலும் அச்சில் வார்த்துத்தான் செய்கிறார்கள்; காய்ந்த பாண்டத்தைக் கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, கூரான குச்சியால் பூவும் இலையும் கீறி, சுட்டு எடுத்த சூட்டோடு நெல் உமிக்குள் புதைக்கிறார்கள். உமி புகைந்து மண்ணுக்குள் கருமை ஏறுகிறது. சாயம் எதுவும் கிடையாது. சுடாதது சாம்பல் நிறத்தில் ஒரு பக்கமும், சுட்டு உமிக்கு முன்னால் இருப்பது செம்மண் நிறத்தில் இன்னொரு பக்கமும், கருப்பு வாசலோரமுமாக அடுக்கியிருந்தது.

"தண்ணிக்கா சிகு, அழகுக்கா?" என்று கேட்டார். ஆசிரியை என்று சொல்லியிருந்தேன்.

சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் கையால் செய்த தண்ணீர்ப் பாத்திரம். அதில் நாயின் சாம்பல். சொல்லாமல் வாங்கிக்கொண்டு போவது சுலபம். அப்பா எனக்கு முன்னால் சொல்லிவிட்டார், தோட்டத்து மலாயில், ஒளிக்காமல். என் நாய் செத்துவிட்டது, அதன் எலும்புப் பொடியைப் போட்டு வைக்க.

அந்த அம்மா கையிலிருந்த கூஜாவைக் கீழே வைத்தார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். "இதன் கழுத்து குறுகல், பொடி இறங்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், வாய் கொஞ்சம் அகன்று, மண்மூடியோடு இருந்த ஒன்றை எடுத்து வந்தார். அடியில் ஒரு மயிரிழை விரிசல் இருந்ததால் தண்ணீருக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்திருந்தாராம். பாதி விலைக்குத் தந்தார். பட்டறையில் பூனைகள் திரிந்தன. செத்த பூனைகளையெல்லாம் சூளைக்குப் பின்னால்தான் புதைத்திருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுக்கும்போது, "விருந்தாளி யாருக்கும் இதிலிருந்து தண்ணி ஊத்திக் கொடுத்துடாதீங்க, சிகு" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். அப்பாதான் அதை ஈப்போ வரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வாய் அகலம் என்றாலும் கழுத்து கழுத்துதான். மலேசிய நண்பன் பத்திரிகைத் தாள் ஒன்றைச் சுருட்டிக் கூம்பாக்கி, வாசலில் உட்கார்ந்து பொடியை இறக்கினோம். நைசானது வழிந்து ஓடியது. பருக்கைகள் கழுத்தில் அடைத்துக்கொண்டன. அண்ணன் மகள் ஊதுவத்திக் குச்சியால் குத்திக் குத்தித் தள்ளிவிட்டாள். ஒன்றரை மங்குக் கணக்கு கிட்டத்தட்டச் சரி. உள்ளங்கை அளவுதான் மிஞ்சியது. அதைக் கறிவேப்பிலைச் சாடியில் போடப் போன அப்பாவைத் தடுத்தேன். இந்தப் பொடியில் உப்பும் காரமும் அதிகம், ஒரே இடத்தில் கொட்டினால் செடிக்கு ஆகாது. அந்தக் கைப்பிடியைக் கரைக்க வேண்டிய இடத்தில் கரைத்துவிடுவதாகச் சொல்லி அம்மா ஒரு டப்பாவில் வாங்கிக்கொண்டார். அவருடைய நியாயமும் நடந்தேறியது.

லாபு இப்போது வாசலில், செருப்பு அடுக்கும் அலமாரியின் மேல் இருக்கிறது. அதன் கழுத்தில் டைகரின் லைசென்ஸ் வில்லையை அப்பா நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். வருகிறவர்களில் பாதிப்பேர் அதை அலங்காரப் பொருள் என்று நினைக்கிறார்கள். தீபாவளிக்கு வந்த சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் ஏதோ கலசம் என்று நினைத்து இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோமே தவிர, யாரும் வாயைத் திறக்கவில்லை.

போன வருஷக் கடைசியில் அண்ணன் ஒரு குட்டி கொண்டுவந்தான். தெருவில் கிடந்தது, கருப்பு, பெண். அண்ணன் மகள் அதற்கு மோச்சா என்று பெயர் வைத்தாள். அப்பாவுக்கு அது காதிலேயே விழவில்லை. அவர் முதல்நாளே டைகர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"தாத்தா, இது பொண்ணு."

"பொம்பளப் புலி இல்லியா?"

"டைகர் டைகர்தான் தாத்தா. அவன் பேர இன்னொண்ணுக்குக் குடுக்கக் கூடாது."

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவளுக்குத் தெரிந்த டைகர் ஒன்றே ஒன்றுதான். அப்பாவுக்கு அது நாலாவது. பெயரைக் கொடுத்தால்தான் மிஞ்சும் என்கிறார் ஒருவர், கொடுத்துவிட்டால் போய்விடும் என்கிறாள் இன்னொருத்தி. எங்கள் வீட்டில் சோற்று நேரத்தில் இது இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தடுப்பூசி போடக் கொண்டுபோன கிளினிக்கில் கார்டு எழுதும் பையன் பெயர் கேட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு பெயர் சொன்னார்கள். தமிழ்ப் பையன்தான், இந்த நாட்டு அடையாள அட்டையில் நம் ஆட்கள் பலருக்கும் இருப்பது போல நடுவில் ஒரு '@' போட்டு இரண்டையும் எழுதிவிடலாம் என்றான். சரி, எது முன்னால்? மறுபடியும் தகராறு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமை இழந்துகொண்டிருந்தார்கள்.

"ரெண்டையும் கூப்பிட்டுப் பாரு தம்பி" என்றார் அப்பா. "எதுக்குத் திரும்புதோ அத முன்னால போடு."